அண்ணி ஓட்டிய பச்சைப் பிக்கப்

அண்ணி,

இன்று காலை பொங்கோலில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே ஒரு பழைய பிக்கப் நின்றது. ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த ரகம். உருண்டை மூக்கு, முட்டைக் கண் விளக்கு, பின்னால் திறந்த பெட்டி. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பானெட்டைத் தூக்கிவைத்து, சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உடம்பு பழையது, உள்ளே எல்லாம் புதியதாம். ஜப்பான் இன்ஜின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏர்கான். இந்த மாதிரி யோசனை சிங்கப்பூரில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கையில் ரொட்டிப் பையோடு நின்றவன், "எழுபதுகள்லயே எங்க அண்ணி பண்ணிட்டாங்க தம்பி" என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். பரவாயில்லை, ரொட்டி வாங்கப் போனவன் காலையிலேயே ஒரு பெண்பிள்ளையின் பெருமையைப் பேசிவிட்டு வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. அதனால் இந்தக் கடிதம். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. விலாசம் இல்லாத கடிதம் எழுதுவதற்கு என் வயதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சின்னண்ணன் செத்தபோது உங்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தேக்கா சந்தையில் மிளகாய் மூட்டையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. சிராங்கூன் ரோட்டுச் சந்துக்குள் இருந்த மசாலா மில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அந்தப் பச்சைப் பிக்கப், இவ்வளவுதான் உங்களுக்கு மிச்சம். வெள்ளைக்காரர்கள் செம்பவாங் தளத்தைக் காலி செய்துவிட்டுப் போனபோது அண்ணன் வாங்கிய வண்டி அது. கதவில் 'மசாலா மில்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். 'லா' கொஞ்சம் சாய்ந்திருக்கும். காலை ஏழு மணிக்குள் தொழிற்சாலைக் கேன்டீன்களுக்கு மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் போய்ச் சேரவேண்டும். அதுதான் தொழில்.

முதலில் ஒரு டிரைவரை வைத்தீர்கள். அவர் வந்த நாள் பாதி, வராத நாள் பாதி. மூன்றே மாதத்தில் நீங்களே லைசென்ஸ் எடுத்துவிட்டு வந்து நின்றீர்கள். புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு நீங்கள் அந்த வண்டியில் ஏறியதைப் பார்த்து அம்மா அழுதார். சிராங்கூன் ரோடே சிரிக்கும் என்றார். "சிரிச்சா சிரிக்கட்டும் அத்தை, தூள் போய்ச் சேரணும்ல" என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளட்சை விட்டீர்கள். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தீர்கள். அந்தச் சந்து முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது, உங்கள் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, பஸ் பட்டறையில் பிரேக் வேலை. அந்த வயதில் எனக்கு என்னைத் தவிர வேறு யாரையும் பெரிதாகத் தெரியாது. அன்றைக்குத்தான் முதல்முதலாக இன்னொருவரைப் பார்த்து, அட, என்று நின்றேன்.

இரண்டு வருடம் ஓட்டினீர்கள். அதற்குள் வண்டி தேய்ந்துபோனது. புக்கித் தீமா ரோட்டில் போகும்போதே தண்ணீர் கொதிக்கும். பிரேக்கை மூன்று தடவை மிதித்தால்தான் நான்காவதற்கு நிற்கும். வருகிற இன்ஸ்பெக்ஷனில் கட்டாயம் தேறாது என்று நானே சொன்னேன். பெரியண்ணன் அதற்காகவே காத்திருந்தவர்போல வந்தார். தான் ஒரு புது வேன் எடுக்கப்போவதாகவும், வேன் தன் பேரில் இருக்கும், டிரைவரைத் தானே போடுவதாகவும், ஆர்டர்களையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நீங்கள் மகளோடு குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு சமையலைப் பார்த்துக்கொண்டால் போதும். பெரியண்ணன் கெட்டவர் இல்லை, அண்ணி. தம்பி பெண்டாட்டி ரோட்டில் லாரி ஓட்டுகிறாள் என்று யாரும் பேசக் கூடாது என்று மனதாரக் கவலைப்பட்டார். அந்தக் கவலையில் உங்கள் கையில் இருந்ததெல்லாம் அவர் கைக்குப் போய்விடும் என்பது மட்டும் அவருக்குப் படவே இல்லை.

நீங்கள் வாதாடவில்லை. தீபாவளி வரைக்கும் தவணை கேட்டீர்கள். அதற்குள் வண்டி இன்ஸ்பெக்ஷனில் தேறினால் தொழில் உங்களிடம், தேறாவிட்டால் அவரிடம். அம்மா முன்னாலேயே பேசி முடித்தீர்கள்.

மறுநாள் மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்றீர்கள். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. வண்டிக்கு என்னென்ன கோளாறு, எந்த நேரம், எந்த ரோட்டில், எத்தனை மூட்டை ஏற்றியிருந்தபோது என்று நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். பத்து வருடம் வேலை பார்த்த எங்கள் பஸ் டிரைவர்கள் ஒருத்தரும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. இதை விற்றுத் தொலையுங்கள் அண்ணி, இதில் உருப்படி எதுவும் இல்லை என்றேன். தகரம் உருப்படிதானே என்று கேட்டீர்கள். ஆமாம், தகரம் நல்ல கெட்டி என்றேன்.

"அப்ப மேல அவரு இருக்கட்டும் தம்பி. கீழ உள்ளதை எல்லாம் நான் மாத்திக்கறேன்."

நான் அந்த நோட்டை வாங்கிக்கொண்டேன்.

சுங்கை ரோட்டுப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். ஒரு சீனத் தவ்கேயிடம், கடை முதலாளியிடம், பின்பக்கம் நசுங்கிய ஜப்பான் கார் ஒன்று இருந்தது, முன்பாதி முழுசாக. இன்ஜின், கியர்பாக்ஸ், முன்சக்கர டிஸ்க் பிரேக், எல்லாம் அப்படியே. நான் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தேன். நீங்கள் ஆயில் அளக்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனீர்கள். தவ்கே சிரித்தார். நீங்கள் மலாயில் அவரிடம், இந்த ஆயில் கருகவில்லை, ஆனால் இந்த இன்ஜின் ஒரு தடவை நன்றாகச் சூடாகியிருக்கிறது, சரிதானே என்று கேட்டீர்கள். சிரிப்பு நின்றுபோனது. அதனால் இன்ஜினின் மேல்மூடியை மாற்றியிருப்பதாக அவரே ஒப்புக்கொண்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வழியெல்லாம் கேட்டேன். தினமும் ஐந்து மூட்டை மிளகாய் வறுக்கிறவளுக்கு எது வறுபட்டது, எது கருகினது என்று தெரியாதா என்றீர்கள். தவ்கேக்கு அதற்கப்புறம் உங்கள்மேல் தனி மரியாதை. என்ன கேட்டாலும் "உங்களுக்குன்னா போலே லா", தாராளமாக முடியும் என்று தலையாட்டுவார். நான் போனால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எட்டு ஞாயிறு அந்தப் பின்சந்தில் வேலை செய்தோம். நான் வெட்டினேன், ஒட்டினேன், நிறையக் கத்தினேன். நீங்கள் வயர்களை நிறம்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் துணித்துண்டில் பேர் எழுதிக் கட்டினீர்கள். இன்ஜினை மாற்றுவதற்கு அனுமதி வேண்டும் என்று தெரிந்ததும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, படம் வரைந்து, நீங்களே போய் வாங்கி வந்தீர்கள். பழைய இன்ஜினை இறக்கிய அன்று, நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, நீங்கள் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நான் திரும்பி வந்ததும் "அடுத்து என்ன?" என்றீர்கள். பெயிண்டரைக் கூப்பிட்டபோது ஒரே ஒரு கட்டளை போட்டீர்கள். கதவு எழுத்தை யாரும் தொடக் கூடாது. பாவம், அந்த மனிதர் சாய்ந்த 'லா'வைச் சுற்றி அரைநாள் தூரிகை பிடித்தார்.

என் பெருமையெல்லாம் அந்த டிஸ்க் பிரேக்கில்தான். பட்டறையில் நாங்கள் பார்த்ததெல்லாம் மூடிய டிரம் பிரேக். இதுவோ, சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்விப் பிடிக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சந்துக்குள் முதல்முறை ஓட்டிப் பார்த்தபோது நீங்கள் பழைய வண்டி நினைப்பில் ஓங்கி மிதித்தீர்கள். என் நெற்றி கண்ணாடியில் மோதியது. பதறி என் பக்கம் திரும்பியவர், அடி பலமில்லை என்று தெரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். சின்னண்ணன் போனபிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். இத்தனை நாளும் நில்லு நில்லு என்று இதைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் சொன்னால் கேட்கிறது என்றீர்கள்.

வேலை முடிந்தது ஆயுத பூஜைக்கு முதல்நாள். பூஜை முடிந்து இரண்டு நாளில் இன்ஸ்பெக்ஷன். பூஜையன்று அம்மா, பெரியண்ணன், பெரிய அண்ணி எல்லாரும் மில்லுக்கு வந்தார்கள். வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைக்கவேண்டும். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அம்மா அதை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ உள்ள இரும்மா. பெரியவ வந்து வைக்கட்டும். நல்ல காரியம்."

அம்மா கடுமையாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, மழை வருது கொடியில் கிடக்கிறதை எடு என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பானெட்டிலும் ஸ்டீயரிங்கிலும் நான்கு டயர்களிலும் பெரிய அண்ணி பொட்டு வைத்தார். அவருக்கு அந்த வண்டியில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. எலுமிச்சம்பழத்தின்மேல் நான் ஏற்றி இறக்கினேன். நீங்கள், ஓய்ந்துகிடந்த அரவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த இன்ஜினின் கைப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று யாரும் உங்களிடம் சொல்லத் துணியவில்லை. நடுவில் ஒரே ஒருமுறை வாசல்வரை வந்து, கற்பூரத்துக்குத் தீப்பெட்டி கொடுத்துவிட்டு உள்ளே போனீர்கள்.

எட்டு ஞாயிறு அழுக்கில் புரண்டது யார், இங்கே நிற்பது யார் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் பூஜை, சகுனம் என்று பேசுகிறவர்களைக் கிண்டலடித்தே காலத்தை ஓட்டியவன் நான். அம்மா முன்னால் என் வீரம் செல்லாது.

எல்லாரும் மாடிக்குச் சாப்பிடப் போனார்கள். கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் கீழேயே நின்றேன். முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். பொட்டு வைத்தார்கள் சரி, வண்டியைக் காப்பாற்றப்போவது டயரா, பானெட்டா? அந்தத் தட்டுகள்தானே? அதற்கு வைக்கவேண்டும், உங்கள் சார்பில் வைக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. வெறும் குங்குமம் இரும்பில் ஒட்டவில்லை. விளக்குக்கு ஊற்றிய நல்லெண்ணெய் பக்கத்தில் இருந்தது. குழைத்தேன். பேட் படும் இடத்தில் வைக்கக் கூடாது என்கிற அளவுக்கு மூளை வேலை செய்தது. நடுவில், தட்டு மேடாக இருக்கும் இடத்தில் வைத்தேன். டிரைவர் பக்கம் உங்கள் பக்கம் ஆயிற்றே என்று வலதுபுறம் பெரிதாக, எண்ணெய் வழிய வழிய ஒன்று. மிச்சம் இருந்ததில் இடதுபுறம் ஒரு சின்னப் பொட்டு. இது அண்ணி வைத்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சக்கரத்தை மாட்டிக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய் வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். வேகமாகச் சுற்றும் ஒன்றின் நடுவில் எண்ணெய் வைத்தால் அது ஓரத்துக்கு ஓடும் என்று எனக்குத் தெரியாதா? பத்தாம் வயதில் மாவு மில்லில் பார்த்தது. அன்றைக்கு மெக்கானிக் லீவில் போய்விட்டான், கொழுந்தன் மட்டும்தான் இருந்தான்.

இன்ஸ்பெக்ஷனுக்கு நீங்களே ஓட்டினீர்கள், நான் பக்கத்தில். அங்கே இருந்த அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்த்தார், பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ரசிக்கக்கூடச் செய்தார். பிறகு ஏறி, வேகமெடுத்து, ஓங்கி மிதித்தார். வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி நின்றது. இன்னொரு தடவை. அதேதான். வலதுபக்கப் பிரேக் பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்குள் சரிசெய்து கொண்டுவரவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். நீங்கள் அதை இரண்டு முறை படித்து மடித்து இடுப்பில் செருகினீர்கள்.

திரும்பும்போது, வலதுபக்கம் எதுவோ வழுக்குகிறது தம்பி என்றீர்கள். புதுப் பேட் அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வீடு வரும்வரை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன். இந்த வாரம் முழுக்க ஷிப்ட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். ஷிப்ட் இருந்தது உண்மைதான். மனது இருந்தால் ஒருமணி நேரம் வந்திருக்கலாம் என்பதும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது மில்லின் முன்கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியண்ணன் மடியில் புது வேன் படம் போட்ட தாள். நான் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்தேன். பெரியண்ணன் ஆரம்பிப்பதற்குள் அம்மா பேசினார்.

"நான் அன்னிக்கே நெனச்சேன். பூஜை முடியறதுக்குள்ள வாசல்ல வந்து நின்னா. ராசி இல்லாத கை பட்டா எப்படி நிக்கும் வண்டி?"

அந்த நிமிடம் நான் பேசியிருக்கவேண்டும். அம்மா, எண்ணெய் விட்டது நான் என்று மூன்று வார்த்தை. எழுந்து நின்றிருந்தாலே போதும், மிச்சத்தை நீங்களே கேட்டு வாங்கியிருப்பீர்கள். பட்டறையில் எனக்கு பிரேக் ராஜா என்று பட்டம். பெரியண்ணன் என்ன சொல்வார், கதை பட்டறைக்குப் போனால் என்ன ஆகும், எவ்வளவு சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மூட்டையின் சணலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து நடுவில் வைத்தீர்கள். செய்தித்தாளில் சுற்றிய பழைய பேட். புதன்கிழமையே ஜாக்கியைப் போட்டு நீங்களே சக்கரத்தைக் கழற்றியிருந்தீர்கள். தவ்கேயிடம் போய் வேறு பேட் வாங்கி, கைப்புத்தகத்தைப் பார்த்து நீங்களே மாட்டியும் முடித்திருந்தீர்கள்.

"எண்ணெய் பட்டிருக்கு அத்தை. மோந்து பாத்தேன், நல்லெண்ணெய். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

இதற்குத்தான் சொன்னேன், மெஷின் வேலையெல்லாம் பெண்பிள்ளைக்கு ஆகாது என்று பெரியண்ணன் தாளை விரித்தார். நீங்கள் அவர் முகத்தை நேராகப் பார்த்தீர்கள்.

"தப்புன்னா திருத்திக்கலாம் மாமா. பேட் மாத்தியாச்சு. ராசின்னு சொன்னா, அதுக்கு ஸ்பேர் பார்ட் எந்தக் கடையில வாங்கறது?"

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அந்த ஒரு வாரத்தை மட்டும் விடுங்கள் என்று கேட்டீர்கள். பெரியண்ணன் தாளை மடித்தார். எழுந்து உள்ளே போகும்போது நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். கோபம் இல்லாத பார்வை. அதைவிட நான்கு அறை வாங்கியிருக்கலாம்.

அடுத்த வாரம் அதே அதிகாரி ஏறி மிதித்தார். வண்டி கோட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி நின்றது. மறுபடி மிதித்தார், நின்றது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, வேலை யார் செய்தது, சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். இவர் பஸ் பட்டறையில் பெரிய மெக்கானிக் என்றீர்கள். அவர் எனக்குக் கைகொடுத்தார்.

அதற்கப்புறம் எட்டு வருடம், அண்ணி. ஜூரோங், மார்சிலிங், செம்பவாங். இந்தப் பொங்கோலுக்கே வருவீர்கள், கடலோரச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மிளகாய்த்தூள் போடுவதற்கு. இரண்டு பக்கமும் பன்றிப் பண்ணை, நடுவில் மண் பறக்கும் ரோடு. வருடத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். ஐந்து கியர் பெட்டி வந்தது, பெரிய ரேடியேட்டர் வந்தது, மழையில் நன்றாகத் தெரிய நல்ல விளக்கு வந்தது. சட்டம் கேட்காத காலத்திலேயே சீட்பெல்ட் போட்டீர்கள். நாற்பது கேன்டீன்காரர்கள் அந்த உருண்டை மூக்கைப் பார்த்துத்தான் மணி ஏழு ஆகிறது என்று சொன்னதாக ஒரு பேச்சு. பெரியண்ணன் ஊருக்குப் போகும்போது பாயா லேபார் விமான நிலையத்துக்கு உங்கள் வண்டியில்தான் போனார். டாக்சி எடுத்தால் வீண் செலவு என்று காரணம் சொன்னார். இறங்கும்போது, ஸ்டெடியா ஓட்டுறே என்று பெட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னார். அம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நீங்கள்தான். அவர் அந்த 'ராசி' என்கிற வார்த்தையை மறுபடி சொல்லவில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி இந்த ஊர் ரோட்டில் ஓட்ட முடியாது என்று ஆனபோது பாலம் தாண்டி மலேசியாவில், ஜொகூரில், தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் கேட்டு வந்தார். ஒப்படைக்கிற அன்று நானும் உங்களோடு வந்தேன். மார்சிலிங்கில் ஒரு காப்பிக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவருக்காகக் காத்திருந்தோம். எட்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. குங்குமம், நல்லெண்ணெய், வலதுபக்கம் பெரிதாக வைத்தது எல்லாம்.

"தெரியும் தம்பி. வீலைக் கழட்டினதுமே தெரிஞ்சுது. எண்ணெய்தான் ஓடியிருந்துச்சு. குங்குமம் நடுவுல வட்டமா அப்படியே இருந்துச்சு. என் பக்கம் பெரிசா இருந்ததப் பாத்ததும் எனக்காகன்னு புரிஞ்சுது."

பிறகு ஏன் பழியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

"அவரு போனப்புறம் என் பேரைச் சொல்லி யாரும் பொட்டு எடுத்ததில்ல. அதைப் போயி நான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும் அண்ணி என்றேன். பரவாயில்லை, விடுங்க என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் பொய் சொல்லாதவர்.

"ஆமா தம்பி. சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். தோப்புக்காரர் வந்துவிட்டார். நீங்கள் அவருக்கு ஒவ்வொரு சுவிட்சாகக் காட்டிக் கொடுத்தீர்கள், மேட்டில் ஏறும்போது எந்த கியர் என்று சொல்லிக் கொடுத்தீர்கள், சாவியைக் கொடுத்தீர்கள். அண்ணன் எழுதிய கதவு பாலத்துப் பக்கம் போனது. நீங்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, பஸ் பிடிக்கலாம் வாங்க என்றீர்கள்.

போன மாதம் உங்கள் திதி. உங்கள் மகள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அவளுக்கே பேரப்பிள்ளை வந்துவிட்டது. இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது பெரியண்ணன் மகன் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பாசமாகத்தான். சித்தி மாதிரி டிரைவர் கிடையாது, ஆனால் முதல் இன்ஸ்பெக்ஷனில் பிரேக்கில் நல்லெண்ணெய் விட்டு ஃபெயில் ஆனவரும் சித்திதான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சின்னதுகளுக்கு அந்தக் கதை முன்னாலேயே தெரிந்திருந்தது. ஒரு பெண் அதை எடுத்து முடித்தே வைத்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை வருடமும் நம் குடும்பத்தில் உங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற கதை அதுதான் என்று. பெரியண்ணன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு. எட்டு ஞாயிறும் இன்ஜினும் வயர்களும் எல்லாம் போய், எண்ணெய் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நான் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து நின்றேன்.

"எண்ணெய் விட்டது அவங்க இல்லடா. நான்."

பொட்டு வைத்ததிலிருந்து மார்சிலிங் காப்பிக்கடை வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியண்ணன் மகன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். உங்கள் மகள் ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். அவளுக்கு உங்கள் கண்தான், அண்ணி, கோபம் இல்லாத கண். "ஏன் சித்தப்பா இத்தனை வருஷமா சொல்லல?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் தேடிப் பார்க்கிறேன், சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.